ஈரம், தானியம், மூச்சு: தருமபுரி வட்டாரத்தில் பூஞ்சணத்தின் வரலாறு

தருமபுரி வட்டாரத்தில் கேழ்வரகையும் சாமையையும் நிலக்கடலையையும் விளைவித்து வாழ்ந்த குடும்பங்களுக்குப் பூஞ்சணம் என்பது பல தலைமுறைகளாகத் தானியத்தைக் கெடுக்கும் பகையாகவே தெரிந்திருந்தது. அதே பூஞ்சணம் மனிதரின் மூச்சுக்குழலையும் தாக்குகிறது என்பதை மருத்துவம் சோதனைகளின் வழியே தெளிவுபடுத்தியது கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில்தான். தானியத்தைக் காப்பதற்காக இவ்வட்டார மக்கள் கைக்கொண்ட முறைகளில் பல, அவர்கள் அறிந்தோ அறியாமலோ மூச்சையும் காத்தன. வேறு சில, தானியத்தைக் காத்தபோதும் அதைக் கையாண்டவரின் மூச்சைக் கெடுத்தன. இவ்விரண்டையும் பிரித்துணர்ந்து, முன்னோர் ஈரத்தைக் கையாண்ட அறிவை இன்றைய ஒவ்வாமை மருத்துவத்தோடு பொருத்திப் பார்ப்பது வரலாற்று ஆர்வத்துக்காக மட்டுமன்றி நடைமுறைத் தேவைக்காகவும் வேண்டப்படுகிறது.

பூஞ்சணம் என்பது நூல்போன்ற இழைகளாகப் படர்ந்து வளரும் பூஞ்சை வகை நுண்ணுயிர். அது விதைக்குப் பதிலாக வித்துத்தூள் எனத்தக்க நுண்வித்துகளை உண்டாக்கிக் காற்றில் பரப்புகிறது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் கிடைக்கும் ஒரு கூறு மைக்ரான் எனப்படும். தானியத்தில் மிகுதியாகக் காணப்படும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சணத்தின் நுண்வித்து ஏறத்தாழ 2 முதல் 4 மைக்ரான் அளவே உடையதாதலால், அது மூக்கின் மயிர்களையும் தொண்டையின் சளியையும் கடந்து நுரையீரலின் ஆழம்வரை செல்லக்கூடியது. உடலின் எதிர்ப்பாற்றல் இந்தத் தூளைப் பகையெனக் கருதி இம்யூனோகுளோபுலின்-ஈ என்னும் புரதத்தை மிகுதியாகச் சுரந்து, தும்மல், மூக்கொழுகல், கண் அரிப்பு, இருமல், இளைப்பு ஆகியவற்றை உண்டாக்குவதே பூஞ்சண ஒவ்வாமை. பூஞ்சணம் பிடித்த உணவை உண்பதால் விளையும் நச்சுப் பாதிப்பு இதிலிருந்து வேறானது. அதைப்போலவே, பூசணத்தூளை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தவரின் நுரையீரல் திசு அழன்று தடிக்கும் நோயும் வேறானது. மூன்றும் ஒரே வேரிலிருந்து கிளைப்பதால் வரலாற்றில் இவை பிணைந்தே வருகின்றன.

நிலமும் மழையும்

சங்க காலத்தில் அதியமான் நெடுமான் அஞ்சியின் தகடூராக விளங்கிய தருமபுரி, தக்காணப் பீடபூமி தமிழகச் சமவெளிக்கு இறங்கும் படிக்கட்டில் அமைந்திருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை பெறும் இந்நிலப்பகுதியை வறண்ட மாவட்டம் என்று பொதுவாகச் சொல்வது தவறன்று. ஆயினும் அந்த மழை ஆண்டு முழுவதும் சீராகப் பரவாமல், தென்மேற்குப் பருவத்தின் பின்பகுதியிலும் வடகிழக்குப் பருவத்தின் முன்பகுதியிலுமாக, ஆகஸ்டு முதல் நவம்பர் வரையிலான மாதங்களில் குவிந்துவிடுகிறது. மானாவாரி நிலக்கடலையைப் பிடுங்குவதும் கேழ்வரகுக் கதிரை அறுப்பதும் இந்த ஈரமாதங்களின் நடுவிலோ, அவை முடியும் தறுவாயிலோ வருகின்றன. ஆகவே வறண்ட மாவட்டத்தில் பூஞ்சணத்துக்கு என்ன வேலை என்று எண்ணுவதற்கு இடமில்லை. விளைச்சலை வீட்டுக்குக் கொண்டுவரும் வேளையும் ஈரம் மிகுந்த வேளையும் ஒன்றாயிருப்பதே இங்குள்ள உழவரின் நெடுங்காலச் சிக்கல்.

மேற்கே ஒகேனக்கல்லை ஒட்டிய காவிரிக்கரைக் காடுகளிலும், வத்தல்மலை, சித்தேரி போன்ற மலைகளிலும் பனியும் மூடுபனியும் மார்கழி, தை மாதங்கள் வரை நீடிக்கின்றன. சமவெளியில் மழை ஓய்ந்து நிலம் காய்ந்த பிறகும் மலைக்கிராமத்துக் கூரைகளுக்குள் ஈரம் தங்கியிருப்பதற்கு இதுவே காரணம்.

குழியும் தொம்பையும்

1792 ஆம் ஆண்டு சீரங்கப்பட்டின உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து தருமபுரியை உள்ளடக்கிய பாராமகால் பகுதி ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபோது, அதன் நிர்வாகப் பொறுப்பை ஏற்ற கேப்டன் அலெக்சாண்டர் ரீடும், தருமபுரியில் தங்கிப் பணியாற்றிய அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் நிலம், குடி, விளைபொருள், வரி ஆகியவற்றைப் பற்றி விரிவான பதிவுகளைத் தொகுத்தனர். பாராமகால் ஆவணங்கள் என்ற பெயரில் பிற்காலத்தில் அச்சான அந்தத் தொகுதிகளில் விளைபொருள்களுக்கெனத் தனிப் பகுதியே உண்டு. 1800-1801 ஆம் ஆண்டுகளில் மைசூர் நாட்டைச் சுற்றிவந்த பிரான்சிஸ் புக்கானன், அங்குக் கேழ்வரகு நிலத்தடிக் குழிகளில் சேமிக்கப்பட்டதைக் குறித்துள்ளார். கன்னட நாட்டில் ஹகேவு எனப்பட்ட இந்தக் குழிமுறை மைசூர் எல்லையோடு நின்றுவிடவில்லை. ஒரே பீடபூமியின் தொடர்ச்சியாக இருந்த பாராமகாலின் கேழ்வரகு நாட்டிலும் குழிச்சேமிப்பு வழக்கில் இருந்தது.

குழியின் அமைப்பு ஆழ்ந்த பட்டறிவைக் காட்டுவது. நீர் ஊறாத, மேடான, கெட்டியான செம்மண் அல்லது சுக்கான்பாறை நிலத்தைத் தேர்ந்து, வாய் குறுகியும் வயிறு அகன்றும் இருக்குமாறு குழி தோண்டப்படும். உட்சுவரை உலர்த்துவதற்காக உள்ளே தட்டையும் சருகையும் இட்டு எரிப்பதும், சுவரைச் சுற்றி உலர்ந்த தட்டையை அடுக்குவதும் உண்டு. நன்றாகக் காய்ந்த கேழ்வரகைக் கொட்டி நிரப்பி, மேலே தட்டையைப் பரப்பி, கற்பலகையால் மூடி, மண்ணால் பூசிவிடுவர். உள்ளே அடைபட்ட தானியமும் அதனோடு சென்ற பூச்சிகளும் உயிர்ப்பதால் குழியிலுள்ள ஆக்சிஜன் செலவாகிக் கரியமிலவாயு பெருகுகிறது. அந்தக் காற்றில் பூச்சி மடிகிறது, பூஞ்சணத்தின் வளர்ச்சியும் பெரிதும் தடைப்படுகிறது. மிகச் சிறிய, கெட்டித் தோலுள்ள மணியாக இருப்பதால் கேழ்வரகு இம்முறைக்கு மற்றெல்லாத் தானியங்களையும்விட ஏற்றதாயிற்று. பல ஆண்டுகள் கெடாமல் இருந்ததால் பஞ்சத்துக்கு அதுவே காப்பாகவும் அமைந்தது.

குழியைத் திறப்பதற்கும் ஒழுங்கு இருந்தது. கற்பலகையை அகற்றியவுடன் யாரும் உள்ளே இறங்குவதில்லை. நெடுநேரம் திறந்துவைத்துக் காற்றாட விட்ட பிறகே, விளக்கொன்றை உள்ளே இறக்கி, அது அணையாமல் எரிகிறதா என்று பார்த்து இறங்குவர். விளக்கு அணைந்தால் உள்ளே மூச்சுக்கு உதவாத காற்று நிற்கிறது என்பது பொருள். சுவரை ஒட்டியிருந்த தானியம் மண்ணின் ஈரத்தைத் தானே உறிஞ்சிக் கட்டியாகிப் பூசணம் பிடித்துவிடும். அந்தப் படலமே உள்ளிருந்த நல்ல தானியத்துக்குக் கவசமாக நிற்கும். நல்ல தானியத்தை எடுத்தபின் அந்தக் கட்டிகளை உடைத்து வெளியேற்றுகிறவர், குறுகிய குழிக்குள் நின்றபடி அடர்ந்த நுண்வித்துத் தூளைச் சுவாசித்தார் என்பதை இன்றைய அறிவு நமக்குச் சொல்கிறது. கரியமிலவாயுவைக் கண்டறிய விளக்கு இருந்தது. நுண்வித்தைக் கண்டறிய எந்தக் கருவியும் அன்று இல்லை.

வீட்டளவில் சேமிப்புக்குத் தொம்பையும் குதிரும் அடுக்குப்பானையும் பயன்பட்டன. மூங்கில் சிம்பால் உருளையாகப் பின்னி, உள்ளும் புறமும் சாணமும் மண்ணும் கலந்து மெழுகி, தரையில் படாதவாறு கற்களின்மேல் நிறுத்தப்படுவது தொம்பை. அதைத் தரையிலிருந்து உயர்த்தியது எலிக்காக மட்டுமன்று. மண்தரையிலிருந்து ஏறும் ஓதம் தானியத்தைத் தொடாதிருக்கவும்தான். அவரை, துவரை, மொச்சை ஆகிய பருப்பினங்களைச் செம்மண் கட்டியோ சாம்பலோ பூசிக் காயவைப்பதும், வேப்பிலையும் நொச்சித் தழையும் தானியத்தோடு இடுவதும், விதைக்கென எடுத்துவைத்த கதிர்களை அடுப்புக்கு மேலுள்ள பரணில் கட்டித் தொங்கவிடுவதும் வழக்கமாயின. இவற்றுள் இலைகள் முதன்மையாகப் பூச்சியை விரட்டின. சாம்பலும் அடுப்புச் சூடும் ஈரத்தை இழுத்தன. ஈரம் தானியத்தின் எடையில் நூற்றுக்குப் பன்னிரண்டை ஒட்டிய அளவுக்குள் நிற்கும்வரை பூஞ்சணம் பெருகுவதில்லை என்பதை இன்று கருவி அளந்து சொல்கிறது. அன்று மணியைப் பல்லால் கடித்து, அது நறுக்கென்று உடைகிறதா என்று கேட்டு அறிந்தனர்.

களத்துப் புழுதி

தானியத்தை ஈரத்திலிருந்து காத்த இந்த நுட்பம், அதைக் கையாண்டவரை எந்த அளவுக்குக் காத்தது என்பதே அடுத்த கேள்வி. கேழ்வரகுக் கதிரை அறுத்தவுடன் அடித்துவிடாமல், குவித்து மூடிச் சில நாள் புழுங்க வைத்துப் பிறகு களத்தில் பரப்பி மாட்டையோ கல்லுருளையையோ ஓட்டுவது இவ்வட்டார வழக்கம். புழுங்கிய கதிரிலிருந்து மணி எளிதில் உதிரும் என்பதே இதன் நோக்கம். ஆனால் இடையில் மழை பெய்து, குவியல் நனைந்து, நாள் நீண்டால் அதே புழுக்கம் பூஞ்சணத்துக்கு விளைநிலமாகிவிடும். அப்படிப்பட்ட ஆண்டுகளில் களத்தில் எழும் புழுதி மண்புழுதி மட்டுமாக இராமல், கருத்த வித்துத்தூளும் கலந்ததாக இருக்கும்.

தூற்றுகிறவர் காற்றின் திசை பார்த்து, பதரும் புழுதியும் தம்மைவிட்டு விலகிப் போகுமாறு நின்று தூற்றுவதும், தலைத்துணியின் முனையால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வதும் இத்தொழிலில் ஊறிய தற்காப்பு. இதே தற்காப்பு வீட்டுக்குள் முறத்தில் புடைக்கும் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. தாழ்வாரத்தில் உட்கார்ந்து நாள்தோறும் களிக்கும் கூழுக்குமான தானியத்தைப் புடைத்தவரும், திரிகையில் அரைத்தவரும், தொம்பையின் அடியை வழித்துத் துடைத்தவரும் பெண்களே. காற்றோட்டமில்லாத இடத்தில், முகத்துக்கு அருகிலேயே தூள் எழ, ஆண்டு முழுவதும் செய்யப்பட்ட வேலை அது. ஒவ்வாமை நோயின் வரலாற்றை எழுதும்போது களத்தைப் போலவே முறத்தையும் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

சித்த மருத்துவம் இரைப்பு என்றும் ஈளை என்றும் சுவாசகாசம் என்றும் பெயரிட்டு மூச்சு நோய்களை வகுத்து, குளிர், பனி, புழுதி, புகை ஆகியவற்றை அவற்றைத் தூண்டுவனவாகக் கொண்டது. ஆடாதொடை, தூதுவளை, கண்டங்கத்திரி ஆகியன அதற்கு மருந்தாயின. இவை வேலியோரத்திலும் புறம்போக்கிலும் தாமே முளைக்கும் செடிகளாதலால் ஏழைக்கும் எட்டின. புழுதி ஒருவருக்குச் சேராது என்று கண்டால் அவரைக் களத்து வேலையிலிருந்து விலக்கி வேறு வேலையில் அமர்த்துவதும் குடும்ப வழக்கமாயிருந்தது. ஒவ்வாமைப் பொருளைத் தவிர்த்தலே முதல் மருந்து என்று இன்றைய மருத்துவம் சொல்வதும் இதையே.

உலகம் கண்டறிந்தவை

தொழிலையும் மூச்சையும் இணைத்து எழுதியவர்களுள் முன்னோடியான இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ரமசினி, 1700 ஆம் ஆண்டில் வெளியிட்ட தொழிலாளர் நோய்கள் பற்றிய நூலில், தானியத்தைச் சலிப்போரும் அளப்போரும் இருமலாலும் இளைப்பாலும் துன்புறுவதை விவரித்தார். மான்செஸ்டரைச் சேர்ந்த மருத்துவர் சார்லஸ் பிளாக்லி 1873 இல் வெளியிட்ட ஆய்வில், பூஞ்சண நுண்வித்துகளைத் தாமே முகர்ந்து பார்த்து, அதனால் தொண்டை கம்மி மூச்சுக்குழல் அழற்சி ஏற்பட்டதைப் பதிவு செய்தார். ஒவ்வாமை என்று நாம் குறிக்கும் கருத்துக்கு வியன்னா மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே 1906 இல் பெயர் தந்தார். 1932 இல் இங்கிலாந்தின் வடபகுதியில், மழையில் நனைந்து பூசணம் பிடித்த வைக்கோலைக் கையாண்ட உழவரிடம் காணப்பட்ட நுரையீரல் நோயை ஜே. எம். கேம்பல் விவரித்தார், அதுவே உழவர் நுரையீரல் நோய் என்று பெயர் பெற்றது. இம்யூனோகுளோபுலின்-ஈ புரதத்தை இஷிசாகா தம்பதியர் 1966 இல் கண்டறிந்தபோது, தும்மலுக்கும் இளைப்புக்கும் பின்னே உடலுக்குள் நிகழ்வது என்ன என்பது விளங்கிற்று.

இவற்றுள் கேம்பலின் கண்டுபிடிப்பு தருமபுரிக்கு மிக நெருக்கமானது. நனைந்த வைக்கோல் போர் தானே சூடேறும்போது அதில் வளர்வன பூஞ்சணங்கள் மட்டுமல்ல. பூஞ்சணத்தைப் போலவே இழைவிட்டு வளரும், வெப்பத்தை விரும்பும் ஒருவகைப் பாக்டீரியாக்களும் பெருகுகின்றன. இதையொத்த உயிரிகள் வளரும் ஆலைக்கரும்பின் சக்கையைக் கையாண்ட தொழிலாளரின் நுரையீரல் நோயை 1941 இல் அமெரிக்காவின் லூசியானா பகுதி மருத்துவர்கள் பதிவு செய்தனர்; கரும்பு விளையும் இந்தியாவிலும் பின்னர் இந்நோய் கண்டறியப்பட்டது. பாலக்கோட்டிலும் அரூரை அடுத்த கோபாலபுரத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் அமைந்துள்ள மாவட்டத்துக்கும், கரும்புச்சக்கையை வெல்லக் கொட்டகைகளில் எரிபொருளாகக் குவித்துவைக்கும் ஊர்களுக்கும் இந்த அறிவு புறத்தே நிற்பதன்று. வேலை முடிந்த சில மணி நேரத்தில் காய்ச்சலும் நடுக்கமும் மூச்சுத்திணறலும் வந்து, வேலைக்குப் போகாத நாளில் அடங்கிவிடுவது இந்நோயின் அடையாளம். சாதாரணக் காய்ச்சல் என்று தள்ளிவிட்டால் நுரையீரல் நிலையாகத் தடித்துவிடக்கூடும்.

சாக்கும் கிடங்கும்

குழிச்சேமிப்பு மறைந்ததற்குப் பல காரணங்கள் கூடின. சென்னையிலிருந்து வந்த முதன்மை இருப்புப்பாதை 1860 களில் மொரப்பூர் வழியாகச் சென்றதும், மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குக் குறுகிய இருப்புப்பாதை 1906 இல் திறக்கப்பட்டதும் தானியத்தைச் சந்தைச் சரக்காக்கின. 1876-78 ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சம் அன்றைய சேலம் மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கி, ஊர்ச் சேமிப்பைத் துடைத்தெடுத்திருந்தது. அறுவடையானதும் விற்றுவிடுவது வழக்கமாக, பல ஆண்டுக்குக் குழியில் வைக்கும் தேவை குறைந்து, தானியம் கோணிச்சாக்கில் ஏறிக் கிடங்குக்குச் சென்றது. குழி காற்றை அடைத்துக் காத்தது. சாக்கோ காற்றையும் ஈரத்தையும் ஒருசேர உள்ளே விட்டது. சிமெண்டுத் தரையில் நேராக அடுக்கப்பட்ட சாக்கின் அடிவரிசை ஓதமேறிப் பூசணம் பிடிப்பதும், அதைப் புரட்டும் சுமைத்தொழிலாளர் தூளைச் சுவாசிப்பதும் புதிய சிக்கல்களாயின. சாக்குக்கு அடியில் மரச்சட்டம் இடுவதும் சுவரிலிருந்து விலக்கி அடுக்குவதும் கிடங்கு நடைமுறையானது தொம்பையைக் கல்லின்மேல் நிறுத்திய அதே காரணத்துக்காகத்தான்.

நிலக்கடலையின் வரவு பூஞ்சணச் சிக்கலை மேலும் கூர்மையாக்கியது. எண்ணெய் வித்தாதலால் கடலை கேழ்வரகைவிட விரைவில் கெடும். மண்ணுக்குள்ளேயே விளைவதால் மண்ணிலுள்ள ஆஸ்பெர்ஜில்லஸ் அதைத் தொட்டுக்கொண்டே வளர்கிறது. 1960 இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்ததற்குத் தீவனத்தில் கலந்த பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கே காரணம் என்று தெரியவந்ததைத் தொடர்ந்து, ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் உண்டாக்கும் அஃப்லடாக்சின் என்ற நஞ்சு அடையாளம் காணப்பட்டது. அந்நஞ்சு கல்லீரலைத் தாக்குவது. ஒவ்வாமையோ மூச்சைத் தாக்குவது. ஆயினும் பிடுங்கிய செடியைக் காய் மேலே தெரியுமாறு கவிழ்த்துப் போட்டு உலர்த்துதல், மழைக்குத் தார்ப்பாய் மூடியபின் வெயில் வந்தவுடன் திறந்துவிடுதல், காயைக் குலுக்கினால் பருப்பு உள்ளே ஆடும்வரை காயவைத்தல் என்னும் எளிய செயல்கள் நஞ்சையும் ஒவ்வாமையையும் ஒருங்கே குறைக்கின்றன. புளி தட்டும் வீடுகளிலும், மரவள்ளிக்கிழங்கு ஆலைகளின் திப்பியை உலர்த்தும் களங்களிலும் பொருந்தும் விதியும் இதுவே: நனைந்த பொருளைக் குவியலாக விடுவது பூஞ்சணத்துக்கு இடங்கொடுப்பதாகும்.

பட்டுப்புழு மனை

தருமபுரியின் அண்மைக்கால வரலாற்றில் ஈரத்துக்கும் மூச்சுக்குமான முரண் மிகத் தெளிவாகத் தெரியும் இடம் பட்டுப்புழு வளர்ப்பு மனை. மல்பெரி பயிரிட்டுப் புழு வளர்த்து, தருமபுரியிலுள்ள அரசு பட்டுக்கூடு அங்காடிக்குக் கூடு கொண்டுவரும் குடும்பங்கள் இம்மாவட்டத்தில் ஏராளம். இளம்புழுவுக்குக் காற்றில் நூற்றுக்கு 85 முதல் 90 வரையிலும், வளர்ந்த புழுவுக்கு 70 முதல் 75 வரையிலும் ஈரப்பதம் வேண்டும். மனிதர் வாழும் வீட்டில் ஈரப்பதம் நூற்றுக்கு 60 ஐத் தாண்டினால் பூஞ்சணம் தழைக்கத் தொடங்கும் என்று மருத்துவம் எச்சரிக்கிறது. புழுவுக்கு உகந்த காற்று, வளர்ப்பவரின் மூச்சுக்கு உகந்ததாக இராமையே இத்தொழிலின் உள்முரண்.

பூஞ்சணம் புழுவையும் விடுவதில்லை. புழு விறைத்து வெண்மை படர்ந்து சுண்ணாம்புக்கட்டி போலாகும் மஸ்கார்டைன் நோய்க்கு ஒரு பூஞ்சையே காரணம் என்பதை இத்தாலியரான அகோஸ்டினோ பாசி 1835 இல் மெய்ப்பித்தார். ஒரு விலங்கினத்தின் நோய்க்கு நுண்ணுயிர் காரணமாவதை உலகம் முதன்முதலில் உறுதியாக அறிந்தது இந்தப் புழுவின் வழியேதான், அந்தப் பூஞ்சைக்கும் அவர் பெயரையே சூட்டினர். இளம்புழுவைத் தாக்கும் மற்றொரு பூஞ்சணம், தானியத்தில் கண்ட அதே ஆஸ்பெர்ஜில்லஸ். அதனால்தான் ஒவ்வொரு வளர்ப்புக்கு முன்னும் பின்னும் மனையையும் தட்டுகளையும் புழு கூடுகட்டும் சந்திரிகைகளையும் கழுவி, வெயிலில் காயவைத்து, பிளீச்சிங் பவுடரும் சுண்ணாம்பும் தெளிப்பதும், படுக்கையின்மேல் சுண்ணாம்புத்தூள் தூவி ஈரத்தை உறிஞ்ச விடுவதும், எஞ்சிய தழையையும் கழிவையும் நாள்தோறும் அகற்றுவதும் வளர்ப்போரின் ஒழுங்காயின. புழுவின் உயிருக்காக இவ்வளவு கண்டிப்பாகப் பின்பற்றப்படும் இந்த ஒழுங்கு, அதே கூரையின்கீழ் உறங்கும் குழந்தையின் மூச்சுக்காகவும் பின்பற்றப்பட வேண்டியது. குடியிருக்கும் வீட்டிலிருந்து விலக்கித் தனி மனை கட்டுவதற்கு அரசு மானியம் தருவது தொழிலுக்கு மட்டுமன்றி உடல்நலத்துக்கும் செய்யப்படும் முதலீடு.

சுவரின் ஓதம்

வீட்டின் வரலாறும் இதனோடு சேர்ந்தது. மண்சுவரும் புல்வேய்ந்த கூரையும் ஈரத்தை உறிஞ்சி மெல்ல வெளியே விட்டன; இரண்டு, மூன்று ஆண்டுக்கொருமுறை கூரையைப் பிரித்து வேய்ந்தபோது மக்கிய புல் அகன்று வீடு காற்றாடியது. மழை ஓய்ந்து தை பிறக்கும் முன் வீட்டைக் காலி செய்து, பாயையும் பானையையும் வெயிலில் வைத்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது பொங்கலின் சடங்காக நிலைத்தது. சுட்ட சுண்ணாம்பு கடுங்காரத் தன்மையுள்ளது. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரில் பூஞ்சணம் முளைப்பது அரிது. ஈரமாதங்கள் முடிந்து வெயில் திரும்பும் நேரத்தில் இது செய்யப்பட்டது என்பது கருதத்தக்கது. அந்தச் சடங்கின்போது பழம்பாயையும் டயரையும் எரித்துப் புகை கிளப்புவதும், சாம்பிராணிப் புகையை மூடிய அறையில் நிறைப்பதும் இளைப்பு உள்ளவர்களுக்குத் தீங்கையே தருகின்றன. பழமையானது என்பதற்காக எல்லா வழக்கத்தையும் ஏற்க வேண்டியதில்லை.

1980 களிலிருந்து தொகுப்பு வீடுகளும், 2011 முதல் பசுமை வீடுகளுமாகச் சிமெண்டுக் கூரைகள் சிற்றூர்களில் பெருகின. அவை மழையையும் தீயையும் தடுத்து ஏழைக்குத் தந்த பாதுகாப்பு பெரிது. ஆனால் தளத்தில் விரிசல் விழுந்து நீர் இறங்கினால் அந்த ஈரம் மண்சுவரில் நிகழ்வதுபோல வெளியேறாது. பூஞ்சணம் சுவரின் மேல்மூலையில் கரும்புள்ளிகளாகத் தொடங்கி, பரணில் மடித்துவைத்த துணிக்கும், சுவரோரம் சாய்த்த பாய்க்கும் பரவுகிறது. சுண்ணாம்பின் இடத்தைப் பிடித்த வண்ணப்பூச்சு ஓதத்தை மறைக்கிறதேயன்றி நீக்குவதில்லை. பூச்சு உப்பி உதிரும் இடத்தில் உள்ளே ஈரம் நிற்கிறது என்று உறுதியாகக் கொள்ளலாம். சன்னல் சிறுத்து, உள்ளேயே சமைத்து, உள்ளேயே துணி உலர்த்தும் வீட்டில் மார்கழிப் பனியும் சேரும்போது, விடியற்காலைத் தும்மலும் இளைப்பும் ஆண்டுதோறும் திரும்பி வருகின்றன.

வரலாறு காட்டும் வழி

2023 ஆம் ஆண்டில் தருமபுரி, நீலகிரி ஆகிய இரு மாவட்டங்களில் ரேஷன் கடைகளில் அரிசிக்கு மாற்றாக இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கி, அதற்காக உழவரிடம் நேரடியாகக் கொள்முதலும் செய்தது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதத்தை அளந்தே தானியம் ஏற்கப்படுகிறது. கேழ்வரகு மீண்டும் பெருமளவில் சேமிக்கப்படும் இக்காலத்தில், மணியின் ஈரத்தை அளக்கும் அக்கறை அதைத் தூற்றுபவர், மூட்டை கட்டுபவர், சுமப்பவர் ஆகியோரின் மூச்சுக்கும் நீளவேண்டும். மூக்கையும் வாயையும் இறுக்கமாக மூடும் என்-95 முகக்கவசம் நுண்வித்தைத் தடுக்கவல்லது. தலைத்துணியின் முனை பெரும்புழுதியை மட்டுமே தடுக்கும்.

வீட்டில் செய்யத்தக்கவையும் தெளிவானவை. கசியும் தளத்தையும் குழாயையும் முதலில் செப்பனிட வேண்டும். அதைச் செய்யாமல் சுவரைத் தேய்ப்பது வீண். நனைந்த பாய், துணி, சாக்கு ஆகியவற்றை ஒன்றிரண்டு நாளுக்குள் முழுமையாக உலர்த்த வேண்டும். உலர்த்த இயலாமல் மக்கியவற்றை அகற்றிவிட வேண்டும். சுவரில் படர்ந்த பூசணத்தைத் துடைப்பத்தால் காய்ந்தபடி பெருக்கினால் நுண்வித்து அறை முழுவதும் பறக்குமாதலால், சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்துப் பின் காயவிட வேண்டும். இளைப்பு உள்ளவர் அவ்வேலையைத் தாமே செய்யலாகாது. தானிய மூட்டையையும் கடலை மூட்டையையும் படுக்கும் அறையில் வைக்காதிருப்பதும், பகலில் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்துவைப்பதும், அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் விலக்கி வைப்பதும் பொருட்செலவில்லாத காப்புகள்.

ஒவ்வொரு மழைக்காலத்திலும் தும்மலும் இளைப்பும் திரும்புமானால், அதை உடல்வாகு என்று விட்டுவிடாமல் அரசு மருத்துவமனையில் காட்ட வேண்டும். 2008 முதல் தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குவதால் தேர்ந்த மருத்துவரைக் காண இம்மாவட்டத்தார் சேலத்துக்கோ பெங்களூருக்கோ போயாக வேண்டிய நிலை இன்றில்லை. தோலில் சிறு துளியிட்டுக் குத்திப் பார்க்கும் சோதனையாலும் இரத்தச் சோதனையாலும் எந்தப் பொருள் ஒவ்வாதது என்பதைக் கண்டறியலாம். மூக்கில் தெளிக்கும் மருந்தும் உறிஞ்சும் இன்ஹேலரும் மூச்சுக்குழலின் அழற்சியைத் தணிப்பவை. இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்ற அச்சத்துக்கு அடிப்படையில்லை, மருத்துவர் சொல்லாமல் பாதியில் நிறுத்துவதே இடர் தருவது.

ஈரத்தை வெளியே நிறுத்து, காற்றை உள்ளே விடு, கெட்டதைப் பிரித்து எடு, தூள் எழும் இடத்தில் முகத்தை மூடு என்னும் நான்கு கட்டளைகளையும் தருமபுரியின் உழவர் தானியத்துக்காக முன்பே அறிந்திருந்தனர். குழியைத் திறக்குமுன் விளக்கை இறக்கிச் சோதித்த எச்சரிக்கையை இன்று வீட்டுச் சுவருக்கும் கிடங்குக்கும் புழு மனைக்கும் பொருத்துவது புதிதாகக் கற்கவேண்டிய வித்தையன்று. தானியத்துக்குக் காட்டிய அதே அக்கறையை அதைப் புடைக்கும் பெண்ணுக்கும் சுமக்கும் தொழிலாளிக்கும் ஊராட்சியும் வேளாண் துறையும் மருத்துவத் துறையும் சேர்ந்து காட்டுமானால், இம்மாவட்டத்தில் பூஞ்சண ஒவ்வாமையால் விளையும் துன்பத்தின் பெரும்பகுதியைத் தடுத்துவிட முடியும்.